குளிசை போட்டும் இரத்தம் ஏறாதவர்களுக்கு

இரும்புச்சத்துக் குளிசையை மாதக்கணக்கில் விழுங்கியும் இரத்தம் ஏறவில்லை, வயிறு எந்நேரமும் பொருமிக்கொண்டே இருக்கிறது, காட்டின இடத்திலெல்லாம் “டென்ஷனைக் குறையுங்கோ” என்கிறார்கள். உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இது பொருந்துமென்றால் கொஞ்சம் நேரமெடுத்து வாசியுங்கள். எனக்கு இருந்தது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிற நோய். உலகத்தில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இது உண்டு என்கிறார்கள். அதில் பெரும்பாலானோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. எனக்கும் நாலைந்து வருடம் தெரியாமலே போனது. அதற்குள் கையை விட்டுப் போன காசு இரண்டு லட்சத்தைத் தாண்டும். லீவு, பஸ், அழுகை எல்லாம் அந்தக் கணக்கில் இல்லை.

மட்டக்களப்புக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒரு ஊர் எங்களுடையது. நான் அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். என் கணவர் கட்டாரில். ஆகவே ஆஸ்பத்திரி, கிளினிக், ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் நான் தனியாகத்தான் அலைந்தேன். 2019 கடைசியில் முதலில் வந்தது அலுப்பு. வேலைக் களைப்பு என்று நினைத்தேன். அலுவலக மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டும், மாதம் தவறாமல் வாய் அவிந்து சோறும் கறியும் எரியும். இரத்தம் குத்திப் பார்த்தபோது ஹீமோகுளோபின் எட்டும் சொச்சமும். அதே காலத்தில் தைரொயிட்டும் குறைவு என்று கண்டுபிடித்து அதற்கு ஒரு குளிசை தொடங்கினார்கள். பெண்களுக்கு இதெல்லாம் சகஜம் என்றார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இரும்புக் குளிசை போட்டால் வயிற்றால் கறுப்பாகப் போகும், சிலருக்கு இறுகும், சிலருக்குக் குமட்டும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு போட்டேன். திரும்பப் பார்த்தால் எட்டரை. இன்னும் சில மாதம் கழித்துப் பார்த்தால் அதே எட்டரை. கிளினிக்கில் கேட்ட கேள்வி, “ஒழுங்காப் போடுறீங்களா, இல்லாட்டி வீட்டில சும்மா வச்சிருக்கிறீங்களா?” என் பின்னால் இருபது முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது அப்படிக் கேட்டார்கள். பஸ்ஸில் வரும்போது அழுதேன். பூச்சிக் குளிசை தந்தார்கள். மாதவிடாய் அதிகம் போகிறதா என்று ஸ்கான் எடுத்தார்கள். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள்; இரத்தச் சிவப்பணு சிறிதாகத் தெரிந்தால் இலங்கையில் அதையும் பார்ப்பது வழக்கம், அது நல்ல வழக்கம்தான். எனக்கு அது இல்லை. ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்பு மட்டும் அடிமட்டத்தில் இருந்தது. அதாவது இரும்பு குறைவு என்பது உறுதி, குளிசை போடுவதும் உறுதி, உடம்பில் சேரவில்லை. சேராதது ஏன் என்ற கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை. இரும்பு உறிஞ்சப்படுவது பெரும்பாலும் சிறுகுடலின் முதல் பகுதியில். சீலியாக் முதலில் கை வைப்பதும் அங்கேதான். இதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். குளிசையைத் தேத்தண்ணியோடோ பாலோடோ கல்சியம் குளிசையோடோ போட்டால் யாருக்கும் சரியாகச் சேராது. அதை முதலில் திருத்திப் பாருங்கள். ஒழுங்காகப் போட்டால் ஒரு மாதமளவில் ஹீமோகுளோபின் இரண்டு கிராம் அளவுக்காவது ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் அதே குளிசையை இன்னும் மூன்று மாதத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டு வராதீர்கள். “ஏன் ஏறவில்லை டொக்டர்?” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

வயிற்றுக்கென்று வேறு அலைச்சல். காலையில் இரண்டு மூன்று தரம் வயிற்றால் போகும், மத்தியானத்துக்குப் பிறகு வயிறு ஊதி சேலைக் கொசுவம் இறுகும். தனியாரில் காசு கட்டிச் சனல் பண்ணி ஒரு நிபுணரிடம் காட்டினேன். குடல் எரிச்சல் நோய், மன அழுத்தத்தால் வருவது என்றார். அமிலத்தைக் குறைக்கும் குளிசை எழுதித் தந்தார். அதை நீண்ட காலம் போட்டால் இரும்பு சேர்வது இன்னும் குறையும், அதை யாரும் சொல்லவில்லை. பிறகு இன்னொருவர், பிறகு தனியாரில் வாய் வழியாக விடும் ஸ்கோப். அதற்கு மட்டும் முப்பதாயிரத்துக்குக் கிட்டப் போனது. “வயிற்றில் கொஞ்சம் புண், வேறொன்றும் இல்லை” என்று ரிப்போர்ட். சிறுகுடலில் பரிசோதனைக்குச் சதைத் துணுக்கு எடுக்கவில்லை, அதைத்தான் பயோப்சி என்கிறார்கள். சீலியாக்கில் குடல் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியலாம், பயோப்சி எடுத்தால்தான் பிடிபடும். இரத்தக் குறைவுக்குக் காரணம் தேடி உங்களுக்கு ஸ்கோப் போடுகிறார்கள் என்றால், போடும் முன்பே சிறுகுடலில் பயோப்சி எடுப்பீர்களா என்று கேட்டு வையுங்கள். எனக்கு அது தெரிந்திருந்தால் அந்த முப்பதாயிரமும் வீண்போயிருக்காது, இரண்டாம் முறை குழாய் விழுங்கும் அவஸ்தையும் மிச்சம்.

அம்மாவுக்கு இது வேறு மாதிரித் தெரிந்தது. “புள்ள, உனக்கு ஆரோ கண் போட்டுட்டாங்க.” மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்ட வைக்கிற ஊர் என்று வெளியூர்க்காரர் பகிடி பண்ணும் மட்டக்களப்பில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. நூல் கட்டினோம், தண்ணீர் ஓதி வாங்கினோம், நேர்த்தி வைத்தோம். இடையில் இவர் லீவில் வந்து போன பிறகு உண்டான பிள்ளை மூன்றாம் மாதத்தில் தங்கவில்லை. சீலியாக் கண்டுபிடிக்கப்படாமல் இருப்பவர்களுக்குக் கருச்சிதைவு கொஞ்சம் கூடுதலாக நடப்பது உண்டு, ஆனால் என்னுடையது இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. அந்த மாதங்களில் ஊரார் சொன்னதை மட்டும் மறக்க மாட்டேன்.

இதில் பெரிய கொடுமை, நோயாளிச் சாப்பாடு. எங்கள் பக்கம் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் என்ன கொடுப்போம்? பாண், கிறீம் கிறேக்கர் பிஸ்கட், மோல்ட் போட்ட பால். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருவதும் அதுதான். மோல்ட் என்றால் பெரும்பாலும் முளைகட்டிய பார்லி. வயிறு சரியில்லை என்று சோற்றை விட்டுவிட்டு நான் பாணும் பிஸ்கட்டும் மோல்ட்டுமாகக் கிடப்பேன். கிடக்கக் கிடக்க இன்னும் மோசமாகும். மோசமானதால் இன்னும் பாண். நெல் விளையும் மண்ணில் பிறந்தும் காலையில் கடைப் பாண், இரவில் கோதுமை மாப் பிட்டு அல்லது ரொட்டி, இடையில் பிஸ்கட். ஒரு நாளில் ஒரு வேளைதான் சோறு. உங்கள் வீட்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கண்டுபிடித்தது பெரிய ஆஸ்பத்திரியோ கொழும்போ இல்லை. ரோட்டோரம் சின்ன டிஸ்பென்சரி நடத்தும் ஒரு பொது வைத்தியர். 2024இல் தைரொயிட் குளிசை முடிந்து, கிளினிக் நாள் தவறியதால் ஒரு மாதத்துக்கு எழுதி வாங்கப் போனேன். அந்த டொக்டர் அம்மா குளிசையின் அளவைப் பார்த்துவிட்டு, “இந்த எடைக்கு இவ்வளவு டோஸ் ஏன்? யார் கூட்டினது?” என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட் சரியில்லை என்று கூட்டிக்கொண்டே போனார்கள் என்றேன். பையில் இருந்த எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். தைரொயிட் கிளினிக் கொப்பி தனி, இரத்தக் குறைவுக்குத் தனி, வயிற்றுக்குத் தனியார் ஃபைல் தனி. திகதி வரிசையில் மேசையில் பரப்பினார். இரும்பு சேரவில்லை, தைரொயிட் குளிசையும் சேரவில்லை, எடை குறைகிறது, வாய்ப்புண், வயிற்றோட்டம். குடும்பத்தில் யாருக்கும் சீனி வருத்தம் உண்டா என்று கேட்டார். தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே இன்சுலின் என்றேன். தலையை ஆட்டினார். டைப் 1 நீரிழிவு, தைரொயிட், சீலியாக் மூன்றும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வரக்கூடியவை. ஒவ்வொரு கிளினிக்கும் தன் கொப்பியைச் சரியாகத்தான் எழுதியிருந்தது. எல்லாக் கொப்பியையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தது அவர் மட்டும்தான்.

அப்புறம் அவர் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. “இந்த அஞ்சு வருஷத்தில எப்ப நல்லா இருந்தீங்க?” யோசித்துவிட்டு 2022 என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது. நாடே பெற்றோல் வரிசையிலும் காஸ் வரிசையிலும் நின்ற வருடம். அந்த வருடம் வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள் என்றார். மா கிடைக்கவில்லை, பாண் விலை எட்டாத உயரம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அப்பா செய்த வயல் நெல்லும் மரவள்ளிக்கிழங்கும்தான் மூன்று வேளையும். மா திரும்ப மலிந்ததும் வருத்தமும் திரும்பியது. அவர் பேனையை வைத்துவிட்டு ஒல்லாந்தில் நடந்த ஒன்றைச் சொன்னார். வில்லம் டிக்கெ என்ற குழந்தை வைத்தியர் சீலியாக் பிள்ளைகளுக்குக் கோதுமைதான் கேடு என்று 1930களிலேயே சந்தேகப்பட்டிருக்கிறார். இரண்டாம் உலகப் போரின் 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் இல்லாமல் போக அந்தப் பிள்ளைகள் தேறினார்களாம், பாண் திரும்பி வந்ததும் மறுபடி விழுந்தார்களாம். எனக்கு மயிர் கூச்செறிந்தது.

கோதுமையை நிறுத்தச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “டெஸ்ட் முடியிற வரைக்கும் ஒண்டையும் நிப்பாட்டக் கூடாது” என்றார். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விசயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். முதலில் செய்வது டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை. அது குளூட்டனுக்கு எதிராக உடம்பு போடும் சண்டையின் அடையாளத்தைத் தேடுகிறது. கோதுமையை நிறுத்தினால் சண்டை ஓயும், ரிப்போர்ட் “இல்லை” என்று வரும், நோய் அப்படியே இருக்கும். பரிசோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது பிரித்தானிய வழிகாட்டுதல். யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை விட்டு, சுகமும் கண்டவர்களுக்கு இதுதான் சிக்கல். பிறகு உறுதிப்படுத்த வேண்டுமானால் மறுபடி வாரக்கணக்கில் சாப்பிட்டு வருந்த வேண்டும். அதோடு ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்குப் பிறப்பிலேயே ஐ.ஜி.ஏ. குறைவு, அவர்களுக்கு முதல் பரிசோதனை பொய்யாக நல்ல செய்தி சொல்லும், ஐ.ஜி.ஜி. என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் பரிசோதனைதான் செய்ய வேண்டும்.

மாதிரி கொழும்புக்குப் போய் வந்தது. பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக முடிந்தது. வழமையான அளவைப் போல் பத்து மடங்குக்கு மேல் காட்டியது. ஸ்கோப்புக்கு அரச ஆஸ்பத்திரியில் திகதி கிடைக்கும் வரை, காரணம் தெரிந்துகொண்டே பாண் சாப்பிட்ட வாரங்கள்தான் எல்லாவற்றிலும் கஷ்டமானவை. விசம் என்று தெரிந்து விழுங்குவது வேறு. மாமி ஒரு நாள் தட்டைப் பறித்தே விட்டார். கடைசியில் இரண்டாம் ஸ்கோப், இந்த முறை சிறுகுடலில் பல இடத்தில் துணுக்கு. குடலின் உட்புறத்தில் சத்தை உறிஞ்சுகிற நுண்ணிய விரல்கள் போன்ற உறிஞ்சிகள் இருக்கும். என்னுடையது நாற்றுமேடையில் மாடு இறங்கி மேய்ந்துவிட்டுப் போனது போலத் தட்டையாகக் கிடந்ததாம். வாழ்நாள் முழுக்க இருக்கும் நோய் என்று சொல்லும்போது சிரித்த நோயாளியை அந்த டொக்டர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். நான் பொய் சொல்லவில்லை, குளிசையை ஒளிக்கவில்லை, எனக்குப் பைத்தியமும் இல்லை என்று ஒரு தாளில் எழுதித் தந்தது மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு கோபம் வந்தது. அது போக நாளெடுத்தது.

மருந்து கிடையாது, சாப்பாடுதான் மருந்து. சோற்றுக்காரருக்கு இது லேசு என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. சோறு, குரக்கன், சோளம், மரவள்ளி, பயறு, கடலை, மீன், முட்டை, தேங்காய் எல்லாம் சாப்பிடலாம். அடிப்பது ஒளிந்திருக்கும் மா. கடை இடியப்பம் வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் கோதுமை. பிட்டு மென்மையாக வர அவித்த கோதுமை மா கலப்பார்கள், அப்பத்திலும் தோசையிலும் அப்படியே. கடை உளுந்து வடையையும் நம்ப முடியாது. முறுக்கு, பயற்றம் பணியாரத்தின் மேல் பூச்சு, கட்லட், ரோல்ஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொத்து கிடக்கட்டும், ஃப்ரைட் றைசில் கூட சோயா சோஸ் ஊற்றுவார்கள். சாதாரண சோயா சோஸ் கோதுமை சேர்த்துப் புளிக்க வைப்பது. சோயாமீட் பக்கெட்டுகளில் சிலவற்றில் கோதுமை இருக்கும், பின்பக்கத்தை வாசியுங்கள். எனக்கு நம்பவே முடியாமல் போனது பெருங்காயம். கட்டியாகவும் தூளாகவும் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பல வகைகளில் கோதுமை மா சேர்ந்திருக்கும். எல்லாம் நிறுத்தியும் வயிறு சரியாகவில்லையே என்று திண்டாடி, ஒரு மரக்கறிச் சாம்பாரில் போய் அதைப் பிடித்தேன்.

சமையலறையையும் பிரிக்க வேண்டியிருந்தது. எனக்குத் தனி நீத்துப்பெட்டி, தனி இடியப்ப உரல், தனி அரிதட்டு. ரொட்டி சுட்ட கல்லில் என் தோசையை ஊற்றுவதில்லை. அரிசியைக் கழுவிக் காயவைத்து வீட்டிலேயே இடிக்கிறோம். கோதுமையும் அரைக்கும் மில்லில் கொடுத்தால் அந்த மா கலந்துவிடும். அடுப்படி வேலை கூடியது, கடைச் செலவு குறைந்தது. குளூட்டன் இல்லாத பிஸ்கட் என்று கொழும்பில் விற்பதை ஒரு தரம் வாங்கிப் பார்த்தேன். ஒரு கிலோ நல்ல மீன் விலை. ருசியும் இல்லை. திரும்ப வாங்கவில்லை. கலியாண வீடுகளில் சோறு, பருப்பு, பொரியாத மீன் என்று ஒதுங்கிவிடுவேன். “ஒரு துண்டு கேக்கில என்ன வந்திரப் போகுது மச்சாள்?” என்பவர்களிடம் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன், டொக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று சொன்னால் வாய் மூடுகிறார்கள். தொடக்க மாதங்களில் பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. குடல் ஆறும் வரை அப்படி இருக்கும் என்றார்கள். சட்டித் தயிரைப் பார்த்துக்கொண்டே இருந்த மாதங்கள் அவை. இப்போது சாப்பிடுகிறேன்.

ஒரு வருடத்துக்குள் ஹீமோகுளோபின் பன்னிரண்டைத் தாண்டியது, அதே குளிசையில்தான். தைரொயிட் குளிசையின் அளவைக் குறைத்தார்கள். விட்டமின் டி குறைவாக இருந்தது, அதற்கும் எலும்பின் அடர்த்திக்கும் பார்க்கச் சொன்னார்கள். டி.டி.ஜி. திரும்பச் செய்தால் இறங்கியிருக்க வேண்டும், இறங்கியிருந்தது. பெரியவர்களுக்குக் குடல் முழுதாக ஆற இரண்டு வருடமும் ஆகலாமாம். கிளினிக்கை விடவில்லை.

யார் கேட்டுப் பார்க்கலாம்? 2015இல் பிரித்தானியாவின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டல் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ள பட்டியல் எனக்குப் பொருத்தமாகத் தெரிந்தது: காரணம் தெரியாத இரும்பு, பி12, ஃபோலேட் குறைவு உள்ளவர்கள், தீராத வயிற்றுக் கோளாறு, நீண்ட அலுப்பு, காரணமில்லாத எடைக்குறைவு, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், டைப் 1 நீரிழிவு, தன்னெதிர்ப்புத் தைரொயிட் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தாக்குவது), குடல் எரிச்சல் நோய் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள், வளராத பிள்ளைகள், சீலியாக் உள்ளவரின் பெற்றோர், பிள்ளைகள், சகோதரங்கள். இந்தப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் சீலியாக் இல்லை, பெரும்பாலானோருக்கு வேறு காரணமாகத்தான் இருக்கும். ஆகவே வாசித்த கையோடு பாணைத் தூக்கி எறியாதீர்கள், கேளுங்கள். ஓ.பி.டி.யில் ஒரு டொக்டருக்கு உங்களுக்கென்று கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம், அது அவர் பிழை இல்லை. வாயால் கதை சொல்லத் தொடங்கினால் முதல் வருத்தத்திலேயே நேரம் முடிந்துவிடும். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த மாதம் ஹீமோகுளோபின் எவ்வளவு, என்ன குளிசை எவ்வளவு காலம், எடை முன்பு எவ்வளவு இப்போது எவ்வளவு, குடும்பத்தில் யாருக்கு என்ன. எல்லாக் கிளினிக் கொப்பியும் ஒரே பையில் இருக்கட்டும். “சீலியாக்குக்கு ஒரு தரம் பார்க்கலாமா டொக்டர்?” என்று கடைசி வரியில் எழுதி வையுங்கள். எங்கள் நாட்டில் அது அரிது என்று சிலர் சொல்வார்கள். பார்க்காத இடத்தில் எதுவும் அரிதுதான்.

நெருங்கிய இரத்த உறவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்பதால் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்ச் செய்தோம். இப்போதைக்கு இல்லை, ஆனால் பிறகும் வரலாம், வயிற்றுக் கோளாறோ இரத்தக் குறைவோ தெரிந்தால் திரும்பச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா இன்னும் வரவில்லை. “அறுபது வருசமா ரொட்டி திண்டு வளந்த உடம்பு, எனக்கென்ன?” என்கிறார். அவருக்கும் வாய்ப்புண் வரும், கால் விறைக்கும், இரத்தம் எப்போதும் குறைவு. அடுத்த கிளினிக் நாளில் என்னோடு பஸ் ஏற்றிவிடுவதாக மாமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.